மதில்மேல் வைத்த மாத்திரை

எங்கள் தெருவில் எனக்கு 'அரை டாக்டர்' என்று ஒரு பெயர் இருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்கிற பழமொழி தெரிந்திருந்தும் அந்தப் பெயரை நான் பெருமையாகத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன். பத்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன். மருந்து அட்டையின் ஓரத்தில் பொடியாக அழுத்தியிருக்கும் தேதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்துச் சொல்லிவிடுவேன். அதற்காகவே சாயங்காலங்களில் யாராவது ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. வந்தாலும் நான் படித்துச் சொல்வதாக இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தாஸ். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். எனக்கு ஓர் ஆபீஸ் கேன்டீனில் ஸ்டோர் வேலை கிடைத்தது. என் மனைவி ரோசி, ஆபீஸ்காரர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒரே மகள் ஸ்டெல்லாவை அச்சரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். இது நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அவசரம் என்றால் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓட வேண்டிய காலம்.

டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் இடுப்பளவு மதில் இருக்கும். தெருமுனைத் தொட்டியில் போட்டால் அது குப்பை. மதில்மேல் வைத்தால் 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று அர்த்தம். மீந்த இட்லி, கிழியாத சட்டை, பிள்ளைகள் படித்து முடித்த நோட்டுப் புத்தகம் எல்லாம் மதிலில் வந்து உட்காரும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கிறேன் என்று சொல்லவும் மாட்டார்கள். வாங்குகிறவருக்குக் கூச்சம் இல்லாத நல்ல ஏற்பாடு என்று நானே பலமுறை மெச்சியிருக்கிறேன்.

ரோசி வேலை செய்த வீடுகளில் ஒன்று டீச்சரம்மா வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய மாமனார் அந்த வருஷம் தை மாதம் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது பெரியவரின் மருந்துகள் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்தன. டீச்சரம்மா அந்தப் பையைத் துடைத்து, வாயை முடிச்சுப் போட்டு, மதில்மேல் வைத்தார். ரோசி அதை எடுத்து வந்தாள்.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ரோசிக்கு ஒருசந்தி. மத்தியானம் ஒருவேளைச் சாப்பாடு, அதோடு சரி. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது பாயில் மருந்துகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ரோசி, மெடிக்கல் ஷாப்பயே தூக்கினு வந்துட்டியா?"

"டீச்சரம்மா வூட்டு சுவத்து மேல இருந்திச்சி. பெரியவரோடது. அவருக்கு இனிமே எதுக்கு?"

"எவருக்கு இன்னா சீக்குக்கு குடுத்ததோ..."

"தானம் குடுத்த மாட்ட பல்லப் புடிச்சிப் பாக்காதய்யா. இத்தப் பாரு, இது சுகர் மாத்திரை. எனக்கு சுகர் கம்மின்னு கேம்புல சொன்னாங்களே, மறந்துட்டியா? பெரியவரு தெனம் காலைல இத்தப் போட்டுகினுதான் தெம்பா வாக்கிங் போவாரு."

இரண்டு வாரத்துக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. தலைசுற்றுகிறது என்று ரோசி போனாள். விரலில் குத்திப் பார்த்த நர்ஸம்மா, "சுகர் கொஞ்சம் கம்மியா இருக்கு. வேளா வேளைக்குச் சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார். எங்களுக்கு முதல் வாக்கியம்தான் மனதில் நின்றது. இரும்பு மாத்திரை போட்டால் உடம்பில் இரும்பு ஏறும். கால்சியம் மாத்திரை போட்டால் கால்சியம் ஏறும். அப்படியென்றால் சுகர் மாத்திரை போட்டால் என்ன ஏறும்? பள்ளிக்கூடமே போகாத ரோசி அப்படி நினைத்ததில் குற்றம் இல்லை. பத்தாவது படித்த நானும் தலையை ஆட்டினேன்.

தலையாட்டியதோடு நின்றிருக்கலாம். அட்டையை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தேதி பார்த்தேன். முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் கேன்டீனில் சாம்பார்ப்பொடிக்குத் தேதி முடிந்தால் கொட்டமாட்டோம். பவர் குறைந்திருக்கும் என்று ஒரு கரண்டி போடுகிற இடத்தில் இரண்டு கரண்டி போடுவோம். சாம்பார் சாம்பாராகவே இருக்கும், யாரும் குறை சொன்னதில்லை. பதினெட்டு வருஷமாக நான் பார்த்து வந்த கணக்கு அது. அதே கணக்கை என் மனைவிக்கும் போட்டேன்.

"டேட் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆவுது. பவர் கம்மியாயிருக்கும். ரெண்டா போட்டுக்க."

"டாக்டரே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னா?" என்று சிரித்தாள். இரண்டு வெள்ளை மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டாள்.

காலையில் எழுப்பினேன். எழவில்லை. புடவை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது. முதலில் பானைத் தண்ணீர் கொட்டிவிட்டதோ என்று நினைத்தேன். எல்லாம் வியர்வை. கை ஜில்லென்று இருந்தது. பல் கிட்டியிருந்தது. குறட்டை மாதிரி ஒரு மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ இரும்புச் சாவியைக் கையில் கொடுத்தார்கள், யாரோ ஜெபம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். விரலில் குத்தி, ஒரு காகிதப் பட்டையில் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தவர், "இருபத்தி நாலு" என்று சத்தமாகச் சொன்னார். சாதாரணமாக எண்பது, நூறு இருக்க வேண்டுமாம். அதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு பெரிய ஊசியில் குளுக்கோஸ் எடுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள்.

ஊசி முடிவதற்குள் ரோசி கண்ணைத் திறந்தாள். கர்த்தர் லாசருவை எழுப்பியது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இன்னாய்யா இது, ஆஸ்பத்திரியா? நீ ஏன் அழுதுகினு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல ரோசி. மயக்கம் போட்டுட்ட."

"டீச்சரம்மாக்கு சொல்லி அனுப்பு, இன்னிக்கு வேலைக்கு வரமாட்டேன்னு. பாத்திரம் அப்படியே கெடக்கும்."

இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம், அவளாக யோசித்து அவளாகச் சொன்ன கடைசி வார்த்தைகள் இவைதான்.

டாக்டரம்மா என்னிடம் விசாரித்தார். "அவங்களுக்கு சுகர் இருக்கா?"

"இல்லம்மா. சுகர் கம்மி."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?"

"சத்து மாத்திரைதாம்மா."

நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த தமிழில் அது சத்து மாத்திரைதான். சாப்பிடாமல் விரதம் இருந்ததால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று அவர் எழுதிக்கொண்டார். குளுக்கோஸ் பாட்டில் மாட்டி, வார்டில் படுக்க வைத்து, நன்றாகச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். ரோசி இரண்டு துண்டு பிரெட்டும் பாதி டம்ளர் பாலும் சாப்பிட்டாள். பாட்டில் முடிந்தது. பிறகு தூக்கம் வருகிறது என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

ஆஸ்பத்திரி என்றால் எல்லோரும் ராத்திரியைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தைவிடப் பெரிய இருட்டு எதுவும் இல்லை. நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் எலுமிச்சம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தார். பூத்திலிருந்து சொல்லி அனுப்பிய சேதி கிடைத்து ஸ்டெல்லா அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். வந்ததும் அம்மாவை எழுப்பப் போனாள்.

"எழுப்பாதம்மா" என்று நான்தான் அவள் கையைப் பிடித்தேன். "இப்பதான் அசந்து தூங்குது. தூங்கட்டும்."

"மொகமெல்லாம் வேர்க்குது நைனா."

"வெயிலுக்கு வேர்க்கும். விசிறு."

என் மகள் ஒரு பழைய எக்ஸ்ரே கவரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அம்மாவுக்கு விசிறினாள். கை மாற்றி மாற்றி, ஒரு நிமிஷம் நிறுத்தாமல் விசிறினாள். ரவுண்ட்ஸ் வந்த நர்ஸம்மா கன்னத்தில் தட்டிப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஓடினார். ஸ்டெல்லா இன்னும் விசிறிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை ஊசியில் குளுக்கோஸ் ஏற்றியும் ரோசி கண் திறக்கவில்லை.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "வீட்டுல வேற யாருக்காவது சுகர் வியாதி இருக்கா? சுகர் மாத்திரை எதுவும் வீட்டுல இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கீதும்மா. சுகர் கம்மின்னுதான் அத்தக் குடுத்தோம்."

அவர் கையிலிருந்த பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மூடினார். பிறகு, கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஐயா, சுகர் மாத்திரைன்னா சுகரைக் குடுக்குற மாத்திரை இல்ல. சுகரை இறக்குற மாத்திரை. காய்ச்சல் மாத்திரை போட்டா காய்ச்சல் ஏறுமா?"

பாருங்கள், அவ்வளவுதான் விஷயம். காய்ச்சல் மாத்திரை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கில் அட்டையைப் படித்துப் படித்துச் சொன்னேனே, அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் என் வீட்டையே கெடுத்தேன்.

"எத்தனை மாத்திரை போட்டாங்க?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு" என்றேன்.

அதை அவர் எழுதிக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று என்றால் அது ரோசியின் அறியாமை. இரண்டு என்றால் அது என் வைத்தியம். மகள் முன்னால் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் நான்கு நாட்கள் எண்களோடுதான் வாழ்ந்தோம். அந்த மாத்திரை உடம்பைவிட்டுப் போக ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும், சாப்பாடு குறைந்து மெலிந்த உடம்பில் இன்னும் கூட இழுக்கும் என்றார்கள். அதனால்தான் காலையில் ஏற்றிய சர்க்கரை மத்தியானம் மறுபடி இறங்கியிருக்கிறது. மணிக்கு ஒருமுறை விரலில் குத்தினார்கள். அறுபது, நாற்பத்தி ஒன்று, எழுபது, முப்பத்தி எட்டு. பத்து விரலிலும் கரும்புள்ளி விழுந்தது. எண் ஏறினால் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொள்வாள். இறங்கினால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம்.

மூன்றாம் நாள் எண் நிலைத்தது. நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. இனி எழுந்துவிடுவாள் என்று நான் அவள் சீப்பை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, கட்டி இல்லை. அப்படியென்றால் நல்லதுதானே என்றேன். டாக்டரம்மா என்னை உட்கார வைத்து விளக்கினார். உடம்பின் மற்ற இடங்களுக்குச் சாப்பாடு இல்லையென்றால் சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். மூளைக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. நிமிஷத்துக்கு நிமிஷம் ரத்தத்திலிருந்து சர்க்கரை வந்தாக வேண்டும். வராவிட்டால் முதலில் மயக்கம். நேரம் நீண்டால் உள்ளே செத்துப்போகிற இடங்கள் திரும்ப முளைக்காது. வீட்டில் பல மணி நேரம், வார்டில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை அவள் மூளை பட்டினி கிடந்திருக்கிறது.

"டேட் முடிஞ்ச மாத்திரைதானேம்மா, பவர் இருக்காதே?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டேட் முடிஞ்ச அன்னிக்கே மாத்திரை செத்துப்போயிடாதுங்க. சிலதுல வீரியம் குறையும். சிலது அப்படியே இருக்கும். ஒண்ணு ரெண்டு கெட்டுப்போய்க் கெடுதலே பண்ணும். எது எப்படின்னு கண்ணால பாத்துச் சொல்லவே முடியாது. யாராலயும் முடியாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சிகிச்சை மாறியிருக்குமா, மாறாதா, எனக்குத் தெரியாது. அதைக் கேட்கக்கூட முதலில் உண்மையைச் சொல்லியாக வேண்டுமே.

ஐந்தாம் நாள் டீச்சரம்மா வந்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் பெரியவரின் மருந்துச் சீட்டு. கட்டில் பக்கத்தில் நின்று ரோசியைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கைக் கட்டிலடியில் வைத்தார்.

"தொட்டியில போட மனசு வரல தாஸு. மாமா கடைசி வரைக்கும் கையில வச்சிருந்த மருந்து. நாய் இழுத்துப் போட்டுருமோன்னு நெனச்சேன். அதான் தொடச்சி, முடிச்சுப் போட்டு, சுவத்துல வச்சேன். யாராவது இல்லாதவுக எடுத்துக்கிடட்டும்னுதான் வச்சேன் பாத்துக்கிடுங்க. நான்தான் இந்தப் பிள்ளையக் கொன்னுட்டேன்."

"அப்படிலாம் சொல்லாதீங்கம்மா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் அழுதார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரத்தை அவர் தூக்கிக்கொண்டதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. எவ்வளவு கேவலமான சுகம் என்று எழுதும்போது கை கூசுகிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. டவுன்ஷிப்பில் வீடு வீடாகப் போய், தீர்ந்துபோன நோய்க்கு மீந்துபோன மருந்தை மதிலில் வைக்காதீர்கள் என்று சொன்னார். வைத்திருப்பதை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டார். ஒரே வாரத்தில் இரண்டு அரிசிப்பை நிறையச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வாங்கிப் பாதி குடித்த சிரப், கண் சொட்டு மருந்து, செத்தவர்களின் பிரஷர் மாத்திரை, பிழைத்தவர்களின் இருமல் மருந்து. அதை எங்கே போடுவது? மருந்துக்கடையில் கேட்டார், விற்றதைத் திரும்ப வாங்குகிற வழக்கம் இல்லை என்றார்கள். ஒருவர் கிணற்றில் கொட்டச் சொன்னார், ஒருவர் கடலில் போடச் சொன்னார், ஒருவர் கொளுத்தச் சொன்னார். இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

டாக்டரம்மா பையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "இதுக்குன்னு நம்ம ஊர்ல இன்னும் சரியான ஏற்பாடு இல்லம்மா. திரும்ப வாங்குற இடம் இருந்தா அங்க குடுக்குறதுதான் சரி. இல்லாத வரைக்கும் நான் சொல்ற மாதிரி பண்ணுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுங்கள். பொடி பண்ண வேண்டாம். நனைந்த மண்ணோடோ, குடித்து முடித்த டீத்தூளோடோ கலந்துவிடுங்கள், யாரும் எடுத்துத் தின்ன நினைக்காதபடி. சிரப்பையும் அதிலேயே ஊற்றிவிடுங்கள். ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடிக் குப்பையில் சேருங்கள். பாட்டில் லேபிளையும் காலி அட்டையையும் கிழித்துப் போடுங்கள். கிணற்றில் வேண்டாம், கக்கூஸில் வேண்டாம், அடுப்பில் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

நானும் டீச்சரம்மாவும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு நாள் சாயங்காலம் அதைச் செய்தோம். டீக்கடைக்காரர் பழைய டீத்தூளை ஒரு பெயின்ட் டப்பா நிறையக் கொடுத்தார். ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். பிதுக்கிக்கொண்டே டீச்சரம்மா கேட்டார். "ரோசி ஒண்ணுதான போட்டா? ஒரு மாத்திரைக்கா இம்புட்டு?"

"ஒண்ணுதாம்மா" என்றேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது.

அந்த வேலையால் ஊர் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அடுத்த மாதமே அதே தெருவில் வேறு ஒரு வீட்டு மதிலில், ஒரு டானிக் பாட்டில் நன்றாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். டீச்சரம்மாவின் கணவர் அந்த வருஷமே ஓய்வு பெற்றார். அவர்கள் திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதார். தன் மதில்தான் ஒரு பெண்ணை முடக்கியது என்று நம்பிக்கொண்டே போனார். நான் அவரைப் போகவிட்டேன்.

ரோசியை ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணைத் திறந்திருந்தாள். விழுங்கினாள். இரண்டு பேர் பிடித்தால் நான்கு அடி நடந்தாள். யாரையும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் செலவு பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பணம் கட்டித் தீர்க்கிற விஷயமாக இருந்திருந்தால் கடன் வாங்கியாவது தீர்த்திருப்பேன். டாக்டரம்மா வாசல் வரை வந்தார். "கொஞ்சம் கொஞ்சமா ஏதாவது திரும்ப வரலாம். இவ்வளவுதான்னும் நின்னு போகலாம். பேசிக்கிட்டே இருங்க" என்றார். அவர் முகத்திலேயே எது நடக்கும் என்று எழுதியிருந்தது. அதைப் படிக்க மட்டும் எனக்குப் பத்தாவது படிப்பு போதுமானதாக இருந்தது.

ஸ்டெல்லா இரண்டு மாதம் புருஷனை விட்டுவிட்டு எங்களோடு இருந்தாள். அம்மாவுக்குத் தலை வாரினாள், பல் தேய்த்தாள், கால் மாற்றிப் போட்டாள். ஒரு நாள் காலையில் உள்ளே இருந்து கத்தினாள். "நைனா, சீக்கிரம் வா, அம்மா பேசுது!"

ஓடினேன்.

"அம்மா, கஞ்சி துன்றியா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"துன்றியா" என்றாள் ரோசி.

"இன்னும் கொஞ்சம் வேணுமா?"

"வேணுமா."

ஸ்டெல்லா சிரித்தாள், அழுதாள், தெருவெல்லாம் போய்ச் சொன்னாள். ஒரு வாரம் வரை நாங்களும் நம்பினோம். பிறகுதான் புரிந்தது. கேட்கிற பேச்சின் கடைசி வார்த்தையை அவள் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். அர்த்தம் தெரிந்து சொல்வதில்லை. காதில் விழுவது வாய் வழியாக வெளியே வருகிறது, நடுவில் யாரும் இல்லை. டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனபோது அவரும் அதைத்தான் சொன்னார். இனிமேல் இதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று இந்த முறை நேராகவே சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா அச்சரப்பாக்கத்துக்குத் திரும்பிப் போனாள். பஸ் ஏறும்போது, "ஒரே ஒரு மாத்திரை நைனா, ஒரே ஒரு மாத்திரை" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் கிளம்பிவிட்டது. இதை அவள் படித்தால் இனி என் வாசலுக்கு வராமல் போகலாம். வராவிட்டாலும் அவள்மேல் தப்பில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் நானும் ரோசியும் மட்டும். அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, கஞ்சியை ஆற்றி, ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவளிடம் சொன்னேன்.

"ரோசி, உன்னை ரெண்டு மாத்திரை போடச் சொன்னது நான்தான். டாக்டரம்மாகிட்ட ஒண்ணுன்னு பொய் சொன்னேன்."

"சொன்னேன்" என்றாள்.

"தெரியாம பண்ணிட்டேன் ரோசி. இன்னா தண்டனை வேணா குடு. என்ன மன்னிச்சிடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பாத்திரம் கைதவறி உடைந்துவிட்டால் அந்த வீட்டம்மாவிடம் எப்படிச் சொல்லியிருப்பாளோ, அதே குரலில், "மன்னிச்சிடு" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வாய்க் கஞ்சிக்காக வாயைத் திறந்தாள்.